நேரில் கேட்ட பாட்டும் அதைப் பற்றி எழுதுதலும்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

போன மாதம் செயலாளர் தொலைபேசியில் கதைத்தார். "எதைப் பற்றிப் பேசப் போறீங்க ராத்தா? நிகழ்ச்சி நிரலில் போடவேணும்" என்று கேட்டார். "பாட்டு நிகழ்ச்சிகளைப் பற்றி" என்றேன். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கல்வியைப் பற்றியும் ரெண்டு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்க" என்றார். சேர்த்துக்கொள்கிறேன். எங்கே சேர்த்தேன் என்பதை நீங்கள் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பாடகி இல்லை. எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. இந்தக் கல்லூரியில் படித்தபோது கீதம் பாடும் வரிசையில் கூட என்னைப் பின்வரிசையில்தான் நிறுத்தினார்கள், அதுவும் வாயை மெதுவாக அசைக்கும்படி சொல்லி. நான் வெறும் ரசிகை. படப்பாட்டை நம்பாமல், பெரிய கம்பனியை நம்பாமல், தாங்களே எழுதித் தாங்களே மெட்டுப் போட்டுத் தாங்களே மேடை தேடிப் பாடுகிறவர்களை நேரில் போய்க் கேட்பது எனக்குப் பைத்தியம். இப்போதுள்ள பிள்ளைகள் இதை 'இண்டி' என்கிறார்கள். தமிழில் சுயாதீன இசை என்று எழுதுகிறார்கள். பெயர் புதிது, பொருள் பழையது. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் இந்த நாட்டில் துள்ளிசை என்றும் பொப் இசை என்றும் ஒன்று எழும்பியது உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினம், 'சுராங்கனி'யைக் கடல் கடந்து கொண்டுபோன ஏ.ஈ. மனோகரன், திருகோணமலையின் பரமேஸ் கோணேஸ் சகோதரர்கள், இவர்களெல்லாம் எந்தப் படத்துக்கும் பாடி எங்களிடம் வந்தவர்கள் அல்ல. நித்தி யாழ்ப்பாணத்துக்காரர் என்றாலும் அம்பாறை ஹார்டியில் படித்தவர். ஆகவே எங்கள் மாவட்டத்துக்கும் அந்தப் பாட்டில் ஒரு சின்னப் பங்கு உண்டு என்று நான் உரிமை கொண்டாடுவேன்.

நாகூர் ஹனிபாவையும் இந்தக் கணக்கில்தான் நான் வைக்கிறேன். படத்தில் அவர் பாடியது கொஞ்சம். 1961 இல் வந்த 'பாவ மன்னிப்பு' எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2015 இல் மௌத்தாகும் வரைக்கும் அவரைத் தாங்கியது மேடையும் இசைத்தட்டும்தான். இலங்கைக்கும் பல தடவை வந்து பாடியிருக்கிறார். எங்கள் வீடுகளில் நோன்பு நேரத்தில் அவருடைய குரல் இல்லாத பொழுது இருந்ததா?

நான் நேரில் கேட்ட முதல் இசை கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில். ஜமாதுல் ஆகிர் மாதத்துக் கொடியேற்று. நாகூர் ஆண்டகையின் பெயரால் நடக்கும் அந்தப் பன்னிரண்டு நாளும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மூன்றாவது பெருநாள். அப்போது எனக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும். உம்மம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனேன். பஞ்சுமிட்டாயும் வளையல் கடையும் தாண்டி, பெண்கள் இருக்கிற பக்கத்தில், மணலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். எங்களுக்கும் பக்கீர்மாருக்கும் இடையில் ஒரு கிடுகு மறைப்பு. அதற்கும் முன்னால் ஆம்பிளைகளின் முதுகுகள்.

பக்கீர்மார் தாயிராவை அடித்து பைத் பாடத் தொடங்கினார்கள். றிபாய் றாத்தீப். ஒலிபெருக்கி இல்லை. தோலில் கை விழுகிற சத்தம் மணலுக்குள்ளால் வந்து என் முழங்காலைத் தொட்டது. அது பொய்யில்லை, உண்மையாகவே அப்படித்தான் உணர்ந்தேன். ஆனால் என்ன பாடுகிறார்கள் என்று ஒரு சொல்லும் விளங்கவில்லை. "என்ன பாட்டு உம்மம்மா?" என்று கேட்டேன். "நல்ல பாட்டு மகள்" என்றா. அவவுக்கும் விளங்கவில்லை. ஐம்பது வருடம் அந்தப் பாயில் உட்கார்ந்து கேட்டவ.

பிற்காலத்தில் பௌதிகம் படித்த ஒரு சிநேகிதி எனக்கு இதை விளக்கினா. தடித்த ஒலிக்கு அலைநீளம் கூட. அது வேலியைச் சுற்றி, ஆட்களைச் சுற்றி, மூலை திரும்பியும் வரும். சொல்லைச் சொல்லாக்குகிற ச, த, ப போன்ற எழுத்தொலிகளின் கூர்மை உயர்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. அது நேர்கோட்டில் போகும், இடையில் ஒரு முதுகு நின்றால் அங்கேயே நின்றுவிடும், தூரத்தில் காற்றே அதைத் தின்றுவிடும். ஆகவே மறைப்புக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தாளம் வரும், சொல் வராது. செயலாளர் அவர்களே, கல்வி பற்றிய பகுதி இதுதான்.

அந்தக் கொடியேற்று முடிந்து ஒரு கிழமையால் பத்திரிகையில் செய்தி வந்தது. வாப்பா வாசித்துக் காட்டினார். யார் தலைமை, யார் பிரதம அதிதி, யார் கௌரவ அதிதி, யார் விசேட அதிதி, யார் கொடியைத் தொட்டுக்கொடுத்தார், யார் நன்றியுரை. பக்கீர்மாரைப் பற்றி ஒரே வரி: பக்கீர் ஜமாஅத்தினரின் றாத்தீப் நிகழ்வும் இடம்பெற்றது. அவ்வளவுதான். யார் பாடினது, எந்த ஊரிலிருந்து வந்தது, தாயிரா எத்தனை, எவ்வளவு நேரம், ஒன்றும் இல்லை. அந்த இரவு முழுக்க என் முழங்காலில் இருந்த சத்தம் அந்தச் செய்தியில் எங்கேயும் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தைத் திருப்பி நானே எழுதினேன். முதல் விமர்சனம்! 'தாயிரா ஆறு. ஒருவருக்கு வெள்ளைத் தாடி. அவர் அடிக்கும்போது மற்றவர்கள் நிறுத்துவார்கள். சொல் விளங்கவில்லை. உம்மம்மா அழுதா.' இவ்வளவுதான் எழுதினேன். கணக்கு ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு என்ன செய்தா என்பதைச் சொல்லமாட்டேன். அவ இங்கே முன்வரிசையில் இருக்கிறா.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். எங்கே எதைக் கேட்டாலும் வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதுவேன். கலியாண வீட்டுக் குரவை, பெருநாள் றபான், களிகம்பு, கல்லூரிக் கலைவிழா, வெசாக்கில் தூரத்தில் கேட்ட பக்திப்பாட்டு. பேராதனைக்குப் போன பிறகு கொப்பிகள் பெருகின. அங்கே சரச்சந்திர திறந்தவெளி அரங்கில் ஒரு புதினம் கண்டேன். மேடையில் நடப்பது பிடிக்காவிட்டால் மாணவர்கள் 'ஹூ' போடுவார்கள். விமர்சனம் அந்த இடத்திலேயே, அந்த நிமிடத்திலேயே. கொஞ்சம் மிருகத்தனம்தான். ஆனால் கலைஞனுக்கு யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதாவது தெரியும். எங்கள் ஊரில் எந்த நிகழ்ச்சிக்குப் பிறகும் வருவது பொன்னாடையும் நன்றியுரையும். நல்லவனுக்கும் பொன்னாடை, சுருதி விலகினவனுக்கும் பொன்னாடை.

வீட்டில் ஒரு தகரப் பெட்டி நிறைய கசற்றுகள் வைத்திருந்தேன். கடற்கரையில் பதிந்தது, வயல்வெட்டில் பாடுகிற ஒரு மாமியின் கவிகள், வாப்பாவின் கூட்டாளிகள் கூடிப் பாடிய இரவுகள். 2004 மார்கழி 26 ஆம் திகதி அந்தப் பெட்டி போய்விட்டது. அதைப் பெரிய இழப்பு என்று இந்த மண்டபத்தில் சொல்ல எனக்கு வாய் வராது. இந்த நாட்டில் ஆகக் கூடுதலான உயிர்களை அன்று இழந்தது எங்கள் மாவட்டம். இங்கே இருப்பவர்களில் யார் யாரை இழந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் ஆட்கள் தப்பினோம், அல்ஹம்துலில்லாஹ். கசற்றுகள் போயின. கொப்பிகள் என்னோடு கண்டியில் இருந்ததால் மிஞ்சின. இப்போது அந்த மாமியும் இல்லை. அவ எப்படிப் பாடினா என்று தெரிந்துகொள்ள உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி, என்னுடைய கோணல் எழுத்தில் ஒன்றரைப் பக்கம். அதில் பாதி, அன்று எனக்கு வயிற்று வலி என்று எழுதியிருக்கிறேன்.

எங்கள் பகுதியில் எழுதி வைத்தவர்கள் இல்லாமலில்லை. சாய்ந்தமருதின் எஸ்.எச்.எம். ஜெமீல் ஊர் ஊராகப் பாடல்களைத் தேடி 'கிராமத்து இதயம்' என்று நூலாக்கினார். அதே ஊரின் கவிஞர் அனார் தொகுத்த கிழக்கிலங்கை நாட்டுக் கவிகள் 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்ற பெயரில் 2013 இல் சென்னையில் க்ரியா வெளியீடாக வந்தது. இந்த இரண்டு நூலையும் வைத்திராத பழைய மாணவி யாரும் இருந்தால், இன்று கூட்டம் முடிந்து போகும்போது என்னைச் சந்திக்கவேண்டாம்! ஆனால் ஒரு ரசிகையாக எனக்கு ஓர் ஏக்கம் உண்டு. கவியின் சொல் நமக்குக் கிடைத்துவிட்டது. அதைப் பாடிய இரவு கிடைக்கவில்லை. யார் பாடினா, எதிர்க்கவி யார் சொன்னது, எந்த இடத்தில் குரல் உடைந்தது, யார் சிரித்தது. நாட்டார் பாட்டு என்றால் பாடியவர் பெயர் தெரியாத பாட்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பெயர் இல்லாமலா பாடினார்கள்? அந்த நேரத்தில் யாரும் கேட்டு எழுதவில்லை, அவ்வளவுதான்.

இது பழைய காலத்துக் குறை என்று நினைக்கவேண்டாம். 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. இங்கே பால்வாடிப் பிள்ளை வரைக்கும் பாடியது. படப்பாட்டு இல்லை, சுயாதீனப் பாட்டு. எழுதிப் பாடிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள் எங்கள் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர், பிறகு இந்தியாவுக்குத் திரும்பிப் போனவர். 1964 இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பலேறிய இலட்சக்கணக்கான சனத்தின் கதைதான் அந்தப் பாட்டின் அடியில் கிடக்கிறது. பாட்டுக்குள்ளேயே அந்தப் பாட்டியின் பெயர் வருகிறது. அதே வருடம் ஆவணியில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' சஞ்சிகை ஓர் அட்டை போட்டது. அதில் பாட்டில் உடன்பாடிய தீயும், யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தார்கள். அறிவு இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகவே கேள்வி எழுப்பினார். பிறகு அறிவைப் போட்டு இணையத்துக்கென்று வேறொரு அட்டை வெளியிட்டார்கள். அடுத்த வருடம் யூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு மேடையேறியபோதும் அறிவு அங்கே இல்லை. அதைப் பற்றி அவர் ஒரு மனக்குறையை எழுதினார், இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனின் பக்கத்தில் வேறு விளக்கம் வந்தது. யார் சரி யார் பிழை என்று இந்த மேடையில் நான் வழக்குத் தீர்க்கப் போவதில்லை. எனக்குப் பட்டது இதுதான்: உலகம் முழுக்க வாசிக்கிற பெயருள்ள சஞ்சிகைக்கும், எங்கள் கொடியேற்றுச் செய்திக்கும் இடையில் நான் நினைத்த அளவு தூரம் இல்லை. இரண்டிலும், பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர் படத்துக்கு வெளியே.

சென்னையில் 2018 சனவரி 6 ஆம் திகதி, கீழ்ப்பாக்கத்தில், 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு முதன்முதலாக மேடையேறியது. பா. ரஞ்சித்தும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. கானாவும் ராப்பும் ரொக்கும் கலந்த பாட்டு. பெரிய கூட்டத்தில் ஒரே ஒரு பெண், இசைவாணி. ஆண்களின் பாட்டாகவே இருந்த கானாவைப் பாடியவர். 2020 இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அந்த நிகழ்ச்சி பற்றி வந்த எழுத்துகளை நான் தேடித் தேடி வாசித்தேன். அநேகமானவை அந்தக் குழு எதற்காக வந்தது என்பதைப் பற்றி. தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு ரசிகைக்கு இன்னொன்றும் தேவை. தோல்வாத்தியம் முன்னால் நின்றதா, கிட்டார் அதை மூடியதா? சனம் எந்தப் பாட்டுக்கு எழும்பியது, எதற்கு உட்கார்ந்தது? கொழும்பில் இருந்துகொண்டு யூடியூபில் பார்க்கிற எனக்கு அதையெல்லாம் வேறு யார் சொல்லுவார்?

தமிழில் அப்படிச் சொன்னவர்கள் இருந்திருக்கிறார்கள். கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதினார். கச்சேரிக்குப் போகாதவனும் போனதாக நினைக்கும்படி, பகிடியோடு, அடுத்த கதிரையில் இருந்தவரின் பொடிமட்டை வரைக்கும் எழுதினார். பிறகு சுப்புடு வந்தார். பர்மாவிலிருந்து யுத்தக் காலத்தில் நடந்தே இந்தியா வந்த மனிதர். அவருடைய பேனைக்கு வித்துவான்கள் பயந்தார்கள். சில வேளைகளில் அந்தக் குத்தல் பாட்டுக்காகவா, வாசகனின் சிரிப்புக்காகவா என்று எனக்குச் சந்தேகம் வரும். ஆனாலும் மனிதர் காதைத் திறந்து வைத்துக் கேட்டார். எங்கள் இன்றைய எழுத்து எப்படி? 'இனிமையான குரலில் பாடி அனைவரையும் மெய்மறக்கச் செய்தார்.' மெய்மறந்தவர் எப்படி வீட்டுக்குப் போய் இதை எழுதினார்? 'மண்டபம் நிறைந்த ரசிகர்கள்.' நான் போயிருந்தேன், பின்னால் நாலு வரிசைக் கதிரை சும்மா கிடந்தது. பாடியவர் பெண்ணென்றால் உடுப்பின் நிறம் கட்டாயம் வரும். ஆணென்றால் உடுப்பே கிடையாது போல.

எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். எனக்கு வழிகாட்டியது இசை விமர்சகர் யாருமில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம்முடைய இஹ்யாவில் செவிமடுத்தல் பற்றி, அதாவது ஸமாஉ பற்றி, ஒரு தனிப் பாகமே எழுதியிருக்கிறார். அதில் ஜுனைத் பக்தாதி (ரஹ்) சொன்னதாக ஒரு கருத்து வருகிறது. ஸமாஉவுக்கு மூன்று வேண்டும்: நேரம், இடம், கூட இருப்பவர்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்திய பேச்சு. அவர்கள் பேசியது இறைகாதலில் கேட்பது பற்றி. நான் அதை என் சின்னக் கொப்பிக்குக் கடன் வாங்கினேன். எந்த நேரத்தில் கேட்டேன், எந்த இடத்திலிருந்து கேட்டேன், என்னோடு யார் கேட்டார்கள். இந்த மூன்றையும் உண்மையாக எழுதினால் மிச்சம் தானே வரும். பாட்டு நல்லதா கூடாததா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் மறைப்புக்கு இந்தப் பக்கம், பாயில், உம்மம்மாவோடு இருந்து கேட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. அதை முன்வரிசைக் கதிரையில் இருந்தவரால் எழுத முடியாது.

இதைச் சொல்லும்போது மண்டபத்தில் சில முகங்கள் சுருங்குவது தெரிகிறது. இசை ஆகுமா என்ற கேள்வி. கஸ்ஸாலி இமாம் எழுதியதற்கு எதிராக எழுதிய பெரிய உலமாக்களும் இருக்கிறார்கள். எங்கள் ஊர்களில் இந்த நாற்பது வருடத்துக்குள் கொடியேற்றும் பக்கீர் பைத்தும் எவ்வளவு வாதத்துக்குள்ளானது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே வீட்டில் உம்மம்மா கந்தூரிக்குப் போக, பேரன் அதைத் தடுக்க நின்ற காட்சியையும் கண்டிருக்கிறேன். அந்த வாதத்தைத் தீர்க்கிற அறிவு எனக்கில்லை, அவரவர் மனச்சாட்சிக்கும் அறிந்தவர்களுக்கும் விட்டுவிடுகிறேன். ஆனால் அதன் ஒரு பக்கவிளைவை மட்டும் சொல்லவேண்டும். எங்கள் பெண்கள் பாட்டுக்குப் போகாமலில்லை. போகிறார்கள், கேட்கிறார்கள், பின்னால் நின்றாவது கேட்கிறார்கள். எழுதுவதில்லை. ஏனென்றால் விமர்சனம் எழுதுவது, போனேன் என்று பெயர் போட்டு ஒப்புக்கொள்வது. நானும் இருபது வருடம் புனைபெயரில்தான் எழுதினேன், அதுவும் ஆண் பெயரில். ஒரு கூட்டத்தில் ஒருவர் என்னிடமே வந்து, "அந்த ஆள் யார் தெரியுமா, நல்லா எழுதுறார்" என்று கேட்டிருக்கிறார். எனக்குச் சந்தோசமும் வந்தது, வெட்கமும் வந்தது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சுயாதீனக் கலைஞனிடம் காசில்லை. கைக்காசைப் போட்டு மேடை கட்டுகிறான். அவனைப் போய்ப் பிழை சொல்லலாமா? என் கூட்டாளிகள் அநேகம் பேர், வேண்டாம், நல்லதை மட்டும் எழுதுவோம், பொடியன்மார் வளரட்டும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பொய்ப் புகழ்ச்சி அவனுக்கும் உதவாது. 'அருமை' என்ற சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த மேடையில் அவன் எதைத் திருத்துவான்? ஆனால் குரல் பிறவியில் வருவது, அதைக் குத்தவேண்டாம். சொல்லைத் தெளிவாகச் சொல்லுகிறானா, ஒத்திகை பார்த்து வந்தானா, சொன்ன நேரத்துக்குத் தொடங்கினானா, இவை அவன் கையில் இருக்கிறவை. அதைக் கேட்கலாம். சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் பிந்தித் தொடங்குகிற நிகழ்ச்சியில் முதலில் எழும்பிப் போகிறவர்கள் பெண்கள். வீட்டில் பிள்ளை, கடைசி பஸ், இருட்டு. எந்த விமர்சனத்திலும் இது வருவதில்லை. எழுதுகிறவருக்கு வெளியில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் கரையோர ஊர் ஒன்றில் ஒரு பொடியன்மார் குழு பாடியது. சொந்தப் பாட்டுகள். கவியின் சந்தத்தை எடுத்து, கிட்டாரும் றபானும் வைத்து, சுனாமிக்குப் பிறகு பிறந்தவர்கள் எழுதிய பாட்டுகள். பெண்களுக்குப் பக்கவாட்டில் படங்கு மறைத்து இடம் விட்டிருந்தார்கள். நான் போனேன். றபான் வந்தது, சொல் வரவில்லை. அதே கடற்கரை, அதே பாய். நான் ஒரு சிற்றிதழில் எழுதினேன், இந்தத் தடவை என் சொந்தப் பெயரில். பாட்டு நல்லது என்று முன்பக்கத்தில் இருந்த என் மருமகன் சொன்னான், பெண்கள் பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியாது, அங்கே நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் இரண்டு மணித்தியாலம் தாளத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள் என்று எழுதினேன். இரவு எந்த நேரம், எங்கே இருந்தேன், பக்கத்தில் யார் யார் இருந்து என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதினேன்.

இதழ் வந்து நாலாம் நாள் அந்தப் பாடகன் தொலைபேசி எடுத்தான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தேன். "மாமி, எங்களுக்கு ரெண்டு பெட்டிக்குத்தான் காசு இருந்தது. ரெண்டையும் முன்னுக்கு வெச்சிட்டம். உங்கட பக்கம் கேட்காதெண்டு ஒருத்தரும் சொல்லல்ல" என்றான். "யாரிடம் கேட்டீங்க மகன்?" என்றேன். கொஞ்சம் நின்று, "ஒருத்தருக்கிட்டயும் கேக்கல்ல" என்றான். பிறகு எந்தப் பாட்டுக்குப் பெண்கள் பக்கம் சத்தம் குறைந்தது, எதற்குக் கைதட்டினார்கள் என்று முக்கால் மணித்தியாலம் என்னிடம் விசாரித்தான். என்னுடைய கொப்பியை எடுத்து வாசித்துக் காட்டினேன்.

அடுத்த வருடம் அவர்கள் பாடியபோதும் இரண்டு பெட்டிதான். ஒன்றைப் படங்குக்கு மேலால் எங்கள் பக்கம் திருப்பி, ஒரு மேசைக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். மேசை ஆடாமல் இருக்க இரண்டு சின்னப் பொடியன்மார் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். மூன்றாவது பாட்டில் எனக்குப் பக்கத்தில் இருந்த வயதான ராத்தா ஒருவர் என் கையைப் பிடித்து, "இது எங்கட உம்மா பாடுற கவி" என்றா. அந்தப் பாட்டில் ஒரு சொல் பிழை என்றும் சொன்னா. அவவின் பெயரையும், சரியான சொல்லையும், அவவுடைய உம்மாவின் பெயரையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

வஸ்ஸலாம்.